இரும்பு கல்லீரலுக்குப் போய்விடும், கட்டிக்குப் போகுமா?

1996-ல் அமெரிக்காவில் ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு நானோ துகளுக்கு அனுமதி கிடைத்தது. அது சிகிச்சைக்கான மருந்தல்ல, கல்லீரலை எம்ஆர்ஐ எடுக்கும்போது ஏற்றிவந்த மருந்து. ரத்தத்தில் ஏற்றியதும் துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலின் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் விழுங்கிவிடும். இரும்பு இருக்கும் இடம் படத்தில் கறுக்கும் என்பதால் நல்ல கல்லீரல் முழுவதும் கறுத்துவிடும். புற்றுக்கட்டியில் குப்ஃபர் செல்கள் இல்லை, இருந்தாலும் சொற்பம். அதனால் கட்டி மட்டும் வெளுப்பாகத் தனித்துத் தெரியும்.

ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கொண்டு கல்லீரல் புற்றைக் கொல்லும் நானோ துகள் பற்றி எந்தக் கட்டுரையைப் படித்தாலும் இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று கட்டியைத் தவிர மற்ற இடமெல்லாம் போய்ச் சேர்ந்த அதே வகைத் துகளைத்தான் இன்று கட்டியை அழிக்க அனுப்பப் பார்க்கிறோம். ராடிக்கலை, அதாவது எதிர்ப்படுவதை உடனே தாக்கும் நிலையற்ற மூலக்கூறை, உண்டாக்குவது பெரிய வேலை இல்லை. அது எந்தச் செல்லுக்குள் உண்டாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தத் துறையில் ஆய்வு தொடங்கப்போகும் மாணவர்களை நினைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் வேதியியல். 1894-ல் கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபெண்டன், ஃபெரஸ் இரும்பும் (Fe²⁺) ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைவதை வெளியிட்டார். ஃபெரஸ் இரும்பு பெராக்சைடை உடைக்கும்போது ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கிறது, இரும்பு ஃபெரிக் (Fe³⁺) ஆகிறது. அந்த ராடிக்கலின் ஆயுள் செல்லுக்குள் நானோ நொடிக் கணக்குதான். சில நானோமீட்டர் தூரம்கூட நகராமல் பக்கத்தில் இருப்பதை, அது கொழுப்போ புரதமோ டிஎன்ஏவோ, தாக்கிவிடும். கொழுப்புச் சவ்வில் விழுந்தால் தொடர்வினையாகப் பரவும். புற்றுச் செல்லுக்குள் இந்த வினையை நடத்திச் சிகிச்சை செய்வதற்கு 2016-ல் சீன ஆய்வாளர்கள் 'கீமோடைனமிக் சிகிச்சை' என்று பெயர் வைத்தார்கள்.

வினை சொல்வதற்கு எளிது. நடைமுறையில் இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. ஒன்று பிஎச். ஃபெண்டன் வினை நன்றாக ஓடுவது பிஎச் 3-ஐ ஒட்டி. கட்டியைச் சுற்றியுள்ள திரவம் 6.5 முதல் 6.8 வரை, அவ்வளவுதான். 'கட்டி அமிலத்தன்மை உடையது, அதனால் வினை நடக்கும்' என்ற வரி ஏராளமான கட்டுரைகளில் வருகிறது. நல்ல திசுவிலிருந்து உள்ள அந்தச் சிறு வித்தியாசத்தை நம்பிக் கடை போட முடியாது. உண்மையில் உதவுவது, விழுங்கியதைச் செரிக்கச் செல்லுக்குள் இருக்கும் பையான லைசோசோம். அங்கே பிஎச் 4.5-லிருந்து 5. பெராக்சைடைத் துடைக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகளும் அங்கே சொற்பம். துகள் விழுங்கப்பட்டு லைசோசோமில் மெல்லக் கரைந்து இரும்பை விட வேண்டும். எனவே துகளின் மேற்பூச்சு அந்தப் பிஎச்சில் அவிழ்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள்.

இரண்டாவது, சுழற்சி. ஃபெரிக் ஆன இரும்பு மறுபடி ஃபெரஸ் ஆனால்தான் அடுத்த சுற்று நடக்கும். பெராக்சைடை வைத்தே அதை மீட்பது முதல் வினையைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவாக நடக்கும். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு படிகத்தில் ஃபெரஸ் இருந்தாலும் அது உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கிறது, மேற்பரப்பில் இருப்பது சீக்கிரம் தீர்ந்துவிடும். படிக அமைப்பு இல்லாத இரும்புத் துகள்கள் வேகமாக வேலை செய்வதற்குக் காரணம், அமிலத்தில் அவை சட்டென்று கரைவதுதான்.

இனி கல்லீரல். உடலில் நச்சையும் ஆக்சிஜனேற்றத்தையும் சமாளிக்கவே பழகிய உறுப்பு இது. கல்லீரல் செல்லில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குளுட்டத்தயோன் 5 முதல் 10 மில்லி மோலார் வரை இருக்கும், கேட்டலேஸும் குவிந்திருக்கும். இங்கே ராடிக்கலைக் கொண்டுவந்து மிரட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. புற்றாக மாறிய செல்லும் இந்தச் சொத்தில் கணிசமான பங்கை வைத்துக்கொள்கிறது. சில கட்டிகளில் இந்தக் காவலை முடுக்கும் என்ஆர்எஃப்2 பாதை மரபணு மாற்றத்தால் நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும். எதிர் ஆக்சிஜனேற்ற நொதிகள் ஓயாமல் உற்பத்தியாகும். அதனால் 'இரும்பைப் போட்டோம், செல் செத்தது' என்ற கணக்கு இந்த உறுப்பில் நேராக நடக்காது. தாக்குதலோடு காவலையும் குலைக்க வேண்டும்.

காவலைக் குலைக்க இரண்டு வழிகள் அதிகம் பேசப்படுகின்றன. முதலாவது ஃபெரோப்டோசிஸ். 2012-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டிக்சனும் பிரென்ட் ஸ்டாக்வெலும் பெயர் சூட்டிய, இரும்பைச் சார்ந்த செல் மரணம் இது. செல்லுக்குள் சிஸ்டீன் வரும் கதவை அடைத்தால் குளுட்டத்தயோன் வற்றும். குளுட்டத்தயோன் இல்லாமல், கொழுப்புப் பெராக்சைடைத் துடைக்கும் ஜிபிஎக்ஸ்4 நொதி ஓயும். கொழுப்புப் பெராக்சைடு சவ்வைக் கிழிக்கும். 2007 முதல் கல்லீரல் புற்றுக்குக் கொடுக்கப்படும் சோராஃபெனிப் மாத்திரை இந்தக் கதவை அடைக்கிறது என்று 2013-ஐ ஒட்டி ஆய்வுகள் வந்தன. இரும்புத் துகளில் சோராஃபெனிப்பை ஏற்றும் யோசனை அங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் 2021-ல் பல வகைப் புற்றுச் செல்களில் சோதித்த ஓர் ஆய்வு, பெரும்பாலானவற்றில் சோராஃபெனிப் ஃபெரோப்டோசிஸைத் தூண்டவில்லை என்று காட்டியது. எனவே உங்கள் செல்லில் அது நடக்கிறதா என்பதை நீங்களே நிரூபிக்க வேண்டும். முந்தைய கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

இரண்டாவது வழி மாங்கனீஸ் டைஆக்சைடு. அது குளுட்டத்தயோனைத் தின்று மாங்கனீஸ் அயனியாகிறது. அந்த அயனி பைகார்பனேட் இருக்கும் இடத்தில் ஃபெண்டன் போன்ற வினையை நடத்துகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பதால் கட்டுரைகளில் இதற்கு மவுசு அதிகம். எனக்கு இதில் ஆழமான தயக்கம் உண்டு. உடல் மாங்கனீஸை வெளியேற்றுவது பித்தநீர் வழியாக. கல்லீரல் புற்று நோயாளிகளில் 80 முதல் 90 சதவீதம் பேருக்குக் கல்லீரல் ஏற்கெனவே இறுகி, சிர்ரோசிஸ் ஆகியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு, வெளியிலிருந்து மாங்கனீஸ் எதுவும் கொடுக்காமலேயே, மூளையின் அடிப்பகுதி முடிச்சுகளில் அது படிந்து எம்ஆர்ஐயில் வெளுப்பாகத் தெரிவது மருத்துவர்கள் அறிந்த விஷயம். ஆரோக்கியமான கல்லீரல் உள்ள எலியில் '48 மணி நேரத்தில் வெளியேறிவிட்டது' என்று காட்டும் வரைபடம் இந்த நோயாளிக்குப் பொருந்தாது. மாங்கனீஸில் வேலை செய்பவர்கள் இறுகிய கல்லீரல் உள்ள எலியில், மூளையையும் சேர்த்து, உலோக அளவு பார்த்தே ஆக வேண்டும்.

இரும்பும் சும்மா இல்லை. பரம்பரையாக இரும்பு தேங்கும் ஹீமோகுரோமட்டோசிஸ் நோயில் கல்லீரல் புற்று வரும் ஆபத்து கூடுகிறது. நல்ல செல்லில் கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டுக்கணக்கில் நடக்கும் அதே ராடிக்கல் வேலைதான் அங்கே புற்றை விதைக்கிறது.

துகளைக் கட்டிக்குக் கொண்டுபோகும் கதைக்கு வருகிறேன். நரம்பில் ஏற்றும் நானோ துகளில் கட்டிக்குள் சேர்வது எவ்வளவு என்று டொராண்டோவில் வாரன் சானின் குழு பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் கணக்கிட்டது. நடுமதிப்பு 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. 'எங்கள் கட்டியே கல்லீரலில்தானே இருக்கிறது, நல்லதாகப் போயிற்று' என்று சிலர் எழுதுகிறார்கள். ஃபெரிடெக்ஸ் படம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. நல்ல கல்லீரலின் ரத்தக் குழாய்ச் சுவரில் 100 நானோமீட்டரை ஒட்டிய அளவில் சன்னல்கள் இருக்கும், சிறு துகள் அவற்றின் வழியே செல்களைத் தொடலாம். கல்லீரல் இறுகும்போது அந்தச் சன்னல்கள் மூடிக்கொள்கின்றன.

காலக்டோஸ் அல்லது லாக்டோபயோனிக் அமிலத்தைத் துகளின் மேல் ஒட்டி, கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏஷியலோகிளைக்கோபுரோட்டீன் ஏற்பியைப் பிடிப்பது இன்னொரு பிரபலமான உத்தி. அந்த ஏற்பி நல்ல கல்லீரல் செல்லில் லட்சக்கணக்கில் இருக்கிறது. புற்று முற்றி, செல் தன் அடையாளத்தை இழக்க இழக்க ஏற்பி குறைகிறது. சேதம் விளைவிக்காத மருந்துக்கு இது பரவாயில்லை. ராடிக்கல் உண்டாக்கும் துகளைப் பொறுத்தவரை, நோயாளியிடம் மிஞ்சியிருக்கும் நல்ல செல்லின் வாசலுக்கே கொண்டுபோய் விடுவதாக ஆகிவிடும். இந்த நோயாளிகள் கட்டியால் இறப்பதைப் போலவே கல்லீரல் செயலிழந்தும் இறக்கிறார்கள்.

எனக்கு நம்பிக்கை தரும் பாதை தமனி. சாதாரணக் கல்லீரல் தன் ரத்தத்தில் முக்கால் பங்கைப் போர்ட்டல் சிரை வழியாகப் பெறுகிறது, முதிர்ந்த புற்றுக்கட்டியோ அநேகமாக முழுவதும் கல்லீரல் தமனியில் குடிக்கிறது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் தமனிக்குள் மெல்லிய குழாயை விட்டு, லிபியோடால் எண்ணெயோடு மருந்தைச் செலுத்திக் குழாயை அடைக்கும் சிகிச்சை பல ஆண்டுகளாக நடக்கிறது. துகளை அந்த வழியில் செலுத்தினால் முதல் சுற்றிலேயே குப்ஃபர் செல்களுக்கு இரையாகும் அளவு குறையும். கட்டிக்குள் ஊசியால் நேராகச் செலுத்துவது அடுத்தது. ஹாஃப்னியம் ஆக்சைடு துகள் இப்படித்தான் கொடுக்கப்படுகிறது. கதிர்வீச்சு பட்டதும் அது ஆற்றலை உறிஞ்சி அருகிலேயே ராடிக்கல்களைப் பெருக்கும். 2019-ல் ஐரோப்பாவில் மென்திசுப் புற்றுக்கு அதற்கு அனுமதி கிடைத்தது. கல்லீரல் புற்றில் தொடக்கநிலைச் சோதனை வரை போயிருக்கிறது.

நானோ மருந்துக்கும் கல்லீரல் புற்றுக்கும் உள்ள பழைய கணக்கையும் பார்த்துவிடுங்கள். டாக்ஸோரூபிசின் என்ற புற்று மருந்தை ஏற்றிய, வெப்பத்தில் உருகும் லிப்போசோம் (கொழுப்புக் குமிழி), 701 நோயாளிகளில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் 2013-ல் தோற்றது. சயனோஅக்ரிலேட் துகளில் அதே மருந்தை ஏற்றிய இன்னொன்றும் 2017-ல் ஆயுளை நீட்டவில்லை என்று தெரிந்தது. அதன் இரண்டாம் கட்டச் சோதனையே நுரையீரல் பாதிப்பால் நிறுத்தப்பட்டு, பிறகு மருந்தை 6 மணி நேரம் மெதுவாக ஏற்றும்படி மாற்ற வேண்டியிருந்தது. இரண்டுமே எலியில் அழகாக வேலை செய்தவை.

சரி, மேசைக்கு வருவோம். எளிய இரும்புத் துகள் தயாரிப்பு இது. ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 2.70 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 0.99 கிராம், 100 மி.லி. தண்ணீர். இது ஃபெரிக் இரண்டுக்கு ஃபெரஸ் ஒன்று என்ற மோல் கணக்கு. உப்பைப் போடும் முன் தண்ணீரில் 30 நிமிடம் நைட்ரஜன் குமிழி விட வேண்டும். 80 டிகிரிக்குச் சூடாக்கி, 25 சதவீத அமோனியா 10 மி.லி.யை வேகமாகக் கலக்கிக்கொண்டே விடுங்கள். திரவம் உடனே மைக்கறுப்பாக வேண்டும். 30 நிமிடம் கழித்து சிட்ரிக் அமிலம் 1 கிராமை 2 மி.லி. தண்ணீரில் கரைத்து ஊற்றி, 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

கோளாறு எங்கே வரும்? முதலில் ஃபெரஸ் குளோரைடு புட்டியைத் திறந்து பாருங்கள். வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். மூடியின் ஓரத்தில் மஞ்சளோ துருப் பழுப்போ தெரிந்தால் பாதி ஃபெரிக் ஆகிவிட்டது, எடை சரியாக இருந்தும் விகிதம் தப்பும். விளைச்சல் கறுப்புக்குப் பதில் செம்பழுப்பாக வரும். அடுத்தது கலக்கி. காந்தக் கலக்கி போட்டால் விளைந்த துகளெல்லாம் காந்தத் துண்டிலேயே அப்பிக்கொள்ளும். மேலிருந்து சுழலும் டெஃப்லான் துடுப்புதான் சரி. சிட்ரேட் நன்றாகப் பூசிய துகள் காந்தம் வைத்தாலும் லேசில் இறங்காது. 'காந்தத்தன்மை போய்விட்டது' என்று பதறாமல் அசிட்டோன் சேர்த்து இறக்குங்கள். பிறகு இரண்டு நாள் டயாலிசிஸ், தண்ணீரை அடிக்கடி மாற்றி. கடைசித் தண்ணீரை, இரும்போடு சேர்ந்து நிறம் தரும் ஃபெரோசினால் 562 நானோமீட்டரில் சோதிக்க வேண்டும். அதில் இரும்பு தெரிந்தால் உங்கள் 'நானோ விளைவு' வெறும் உப்பின் விளைவாக இருக்கலாம்.

தண்ணீரில் 30 நானோமீட்டர் காட்டும் சிட்ரேட் துகள், செல் வளர்க்கும் மீடியத்தில் விழுந்த சில நிமிடங்களில் ஆயிரத்தைத் தாண்டித் திரளும். கால்சியமும் உப்பும் அதன் மின்சுமையை மறைத்துவிடுகின்றன. அதனால் அளவை மீடியத்திலும் எடுங்கள். சீரம் சேர்த்த மீடியத்தில் சொட்டுச் சொட்டாக விடுவது, அல்லது பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூச்சுக்கு மாறுவது உதவும். பாக்டீரியாவின் நச்சான எண்டோடாக்சினையும் மறக்காதீர்கள். கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரியில் 30 நிமிடம் சுடாமல் தயாரித்த துகள், எலியின் குப்ஃபர் செல்களைத் தன் பாட்டுக்கு உசுப்பிவிடும். நீங்கள் அதை இரும்பின் கணக்கில் எழுதுவீர்கள்.

மருந்தளவில்தான் பெரும்பாலான கட்டுரைகள் என்னைச் சங்கடப்படுத்துகின்றன. செல் வளர்க்கும் தட்டின் ஒரு குழியில் 10,000 செல், 100 மைக்ரோ லிட்டர் மீடியம், இரும்பு ஒரு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் என்று வையுங்கள். குழிக்கு 10 மைக்ரோகிராம். செல் ஒன்றுக்கு 1 நானோகிராம். ஒரு கல்லீரல் செல்லின் மொத்த எடையே சில நானோகிராம்தான். செல்லின் எடையில் கால் பங்கு இரும்பை அதன் தலையில் கொட்டிவிட்டு, செத்தது என்று வியப்பதில் என்ன இருக்கிறது? ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். செல்லுக்குள் எத்தனை பிக்கோகிராம் இரும்பு புகுந்தது என்பதை உலோகத்தை அளக்கும் ஐசிபி கருவியில் அளந்து, அந்த எண்ணுக்கு எதிரே உயிர்ப்பு விகிதத்தை வரையுங்கள்.

ராடிக்கலை அளக்க எல்லோரும் எடுப்பது டிசிஎஃப்டிஏ சாயம். 10 மைக்ரோ மோலார், 37 டிகிரியில் 30 நிமிடம், சீரமும் ஃபீனால் சிவப்பும் இல்லாத மீடியம், இரண்டு முறை கழுவல், 485 நானோமீட்டர் ஒளியில் தூண்டி 530-ல் படிப்பு. செய்முறை சுலபம், ஏமாற்றுவதும் சுலபம். இந்தச் சாயம் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதே இல்லை. இரும்பு கூட இருந்தால் செல்லே இல்லாமலும் ஒளிரும். ஆகவே செல் இல்லாத குழியில், அசிட்டேட் நீக்கிய சாயத்தையும் துகளையும் மட்டும் வைத்து ஒரு கட்டுப்பாடு, அதாவது ஒப்பீட்டுச் சோதனை, கட்டாயம் வேண்டும். ஹைட்ராக்சில் ராடிக்கல்தான் என்று சொல்ல வேண்டுமானால் டெரிஃப்தாலிக் அமிலத்தை 315-ல் தூண்டி 425-ல் படியுங்கள், அல்லது ராடிக்கலைப் பிடித்துவைக்கும் டிஎம்பிஓ போட்டு, ராடிக்கலைக் காட்டும் ஈபிஆர் கருவியில் 1:2:2:1 என்ற நான்கு கோடுகளைக் காட்டுங்கள். மெத்திலீன் நீலம் வெளுப்பதைச் சாட்சியாக்கும்போது கவனம் தேவை. ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர் வேலை செய்யும் ஒடுக்கிகள் இருந்தாலும் அது நிறம் இழக்கும்.

மீடியம் பற்றிப் பலருக்குத் தோன்றாத ஒன்று: வழக்கமான டிஎம்இஎம் மீடிய வகைகள் பலவற்றில் 1 மில்லி மோலார் பைருவேட் இருக்கிறது. பைருவேட் பெராக்சைடை ஒன்றுக்கு ஒன்றாக விழுங்கும். நீங்கள் 100 மைக்ரோ மோலார் பெராக்சைடு சேர்த்து 'கட்டுப்பாடே வேலை செய்யவில்லை' என்று தவிப்பது பெரும்பாலும் இதனால்தான். பைருவேட் இல்லாத புட்டியை வாங்குங்கள். செல் உயிரோடு இருக்கிறதா என்பதை நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனையிலும் இதே மாதிரிச் சிக்கல்: குளுட்டத்தயோன் தானே எம்டிடியை நிறமாக்கும், துகளும் 570-ல் ஒளியை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்து செத்த செல்லை உயிரோடு காட்டிவிடும்.

செல் எப்படிச் செத்தது என்பதை மீட்புச் சோதனையால் சொல்லுங்கள். ஃபெரோஸ்டாட்டின்-1, 1 மைக்ரோ மோலாரில் செல் பிழைத்தால் கொழுப்புப் பெராக்சைடு வழி. இசட்-விஏடி 20 மைக்ரோ மோலாரில் பிழைத்தால் அப்போப்டோசிஸ் (செல் தன்னைத் தானே அழித்துக்கொள்வது) பக்கம். டெஃபெராக்ஸமின் 100 மைக்ரோ மோலார் இரும்பைப் பிடித்துவைக்கும், ஆனால் அது செல்லுக்குள் மெதுவாகத்தான் போகும் என்பதால் சில மணி நேரம் முன்னதாகவே சேர்க்க வேண்டும். என்-அசிட்டைல் சிஸ்டீன் 5 மில்லி மோலார் கரைசல் அமிலமானது. பிஎச்சை 7.4-க்குத் திருத்தாமல் ஊற்றினால் வேறொரு சோதனை செய்கிறீர்கள் என்று பொருள்.

செல் தேர்வைப் பற்றி இரண்டு வரி. எல்லோரும் பயன்படுத்தும் ஹெப்ஜி2, ஒரு பதின்வயதுச் சிறுவனின் ஹெபட்டோபிளாஸ்டோமாவிலிருந்து வந்தது. பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றல்ல. ஹூ7, ஹெப்3பி ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். 'நல்ல கல்லீரல் செல்' என்று இன்னும் கட்டுரைகளில் வரும் எல்02, பரிசோதித்ததில் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல் என்று தெரிந்தது. எஸ்எம்எம்சி-7721, பெல்-7402 ஆகியவையும் அப்படியே. புற்றைக் கொல்கிறது, நல்ல செல்லை விடுகிறது என்று காட்ட எல்02-ஐ வைத்தால் கருப்பை வாய்ப் புற்றோடு ஒப்பிடுகிறீர்கள். மனிதக் கல்லீரலின் நேரடிச் செல்கள் விலை அதிகம், சில நாள்தான் தாங்கும். ஆனாலும் அந்த ஒப்பீட்டுக்கு வேறு வழி இல்லை.

எலி கட்டத்தில், விலாத் தோலுக்கடியில் வளர்த்த கட்டி எதையும் சொல்லாது. பக்கத்தில் குப்ஃபர் செல் இல்லை, இறுகிய திசு இல்லை, போர்ட்டல் ரத்தம் இல்லை. கல்லீரலுக்குள்ளேயே நட்ட கட்டி அதைவிட மேல். டைஎத்தில்நைட்ரோசமினும் கார்பன் டெட்ராகுளோரைடும் கொடுத்து, இறுகிய கல்லீரலில் தானாகக் கட்டி வரச் செய்வது நோயாளிக்கு மிக அருகில் நிற்கும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், டைஎத்தில்நைட்ரோசமின் கையாளுபவருக்கும் புற்றை உண்டாக்கும், அதனால் ஃபியூம் ஹூடும் இரட்டைக் கையுறையும் இல்லாமல் புட்டியைத் தொடக்கூடாது.

துகளை ஏற்றி 24 மணி நேரம் கழித்து, கட்டியின் விளிம்பு வரும்படி திசுவை வெட்டிப் பெர்ல்ஸ் சாயம் போடுங்கள். இரும்பு இருக்கும் இடம் நீலமாகும். கட்டிக்கு வெளியே, ரத்தக் குழாய்களின் ஓரம் குப்ஃபர் செல்கள் வரிசையாக நீலப் பொட்டு வைத்தாற்போல் தெரியும். விளிம்பைத் தாண்டியதும் இளஞ்சிவப்பு மட்டும்தான் என்றால், கட்டி சுருங்கியிருந்தாலும் உங்கள் ஃபெண்டன் விளக்கம் நிற்காது. இரத்தச்சோகைக்குக் கொடுக்கும் இரும்புத் துகளான ஃபெரூமாக்சிடால் எலியில் கட்டியை அடக்கியபோது, அது மேக்ரோஃபேஜ்களை (விழுங்கும் காவல் செல்களை) கட்டிக்கு எதிராகத் திருப்பியதால் நடந்தது என்று ஸ்டான்ஃபோர்டு குழு 2016-ல் காட்டியது. அப்படி ஒரு வழியாக இருக்கலாம், அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். விளிம்புக்கு உள்ளே, புற்றுச் செல்லின் சைட்டோபிளாசத்திலேயே நீலம் தெரிந்தால், அதே இடத்துப் பக்கத்துத் துண்டை எடுத்துக் கொழுப்புப் பெராக்சைடின் விளைபொருளான 4-ஹைட்ராக்சிநோனெனலுக்குச் சாயமிடுங்கள். இரண்டு நிறமும் ஒரே செல்லில் விழுகிறதா என்று நூறு செல் எண்ணுங்கள். கட்டிக்கு வெளியே உள்ள நல்ல செல்லிலும் நூறு எண்ணி, இரண்டு எண்ணையும் ஒரே அட்டவணையில் போடுங்கள்.